விருத்தாசலத்துக் குடோனில் ஒரு சால்வை

போன மாதம் ஒரு சனிக்கிழமை விருத்தாசலம் போய் வந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோபம் அடங்கவில்லை, எழுதுகிறேன்.

போனது என் தோழி ஸ்டெல்லாவுக்காக. அங்கே ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். ஐரோப்பாவின் பழைய பரோக் பாட்டுகள் என்றால் அவளுக்கு உயிர். கையைக் கட்டிக்கொண்டு பாடினால் அது பாட்டே இல்லை, நடித்துப் பாட வேண்டும் என்பாள். கணவன் கப்பலேறிக் கைவிட்டுப் போக, கடற்கரையில் புலம்பியே செத்துப்போகிற ஒருத்தியின் இத்தாலியப் பாட்டு. சர்ச்சில் பாடுகிற மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு அதை நாடகமாகப் போட்டாள். இடம், ஒரு பீங்கான் கம்பெனியின் காலிக் குடோன். நல்லபடியாக நடந்தால் குடோனை அவள் குழுவுக்கே விடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அவளுக்கு ஊரில் வேறு இடம் கிடையாது.

எழும்பூரில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு ஜங்ஷன். அங்கிருந்து குடோன் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய்.

"செராமிக் பக்கம் என்னங்க விசேஷம்? மங்கலம்பேட்டைலேர்ந்துலாம் பொம்பளைங்க வந்திருக்காங்க" என்றார் ஆட்டோக்காரர்.

"இத்தாலிப் பாட்டு நாடகங்க."

"புரியுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

புரிந்தது. துபாயில் புருஷன் இருக்கிற பெண்களுக்கு எதற்கு இத்தாலி பாஷை? கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்கள். ஸ்டெல்லா தரையில் விழுந்து கண்ணை மூடினாள். மற்றவர்கள் சுற்றி நின்று பாடியபின், கிடந்தபடியே கடைசி அடியை அவள் பாட வேண்டும்.

அப்போதுதான் கம்பெனி மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க! முதலாளி வந்துட்டாரு. சால்வை போட்டுட்டு ஒரு ரிசப்ஷனுக்குப் போவணும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊர் மேடையிலும் இதே அக்கிரமம். பாட்டு பாதியில் இருக்கும், பொன்னாடைக்கு மட்டும் பொறுக்காது! பாடிய மூவரும் மிரண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

"எழுந்திரிங்கம்மா" என்றார் மேனேஜர். ஸ்டெல்லா அசையவில்லை. செத்தவள் எப்படி எழுந்திருப்பாள்? போட்டோக்காரர் வேறு அவசரப்படுத்தினார். முதலாளி குனிந்து, புதுச் சால்வையை விரித்து, கிடந்தவள் மேல் அப்படியே போர்த்தினார்.

முன்வரிசையில் ஒரு அம்மா வாயில் அடித்துக்கொண்டு அலறினார். "ஐயையோ, கோடி போட்டுட்டாங்களே!"

பிணத்தின் மேல் போர்த்துகிற புதுத்துணிதான் கோடி. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது. பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். மேனேஜர் மைக்கைக் கீழே வைத்தார். அழுகை கொஞ்சம் அடங்கியதும், சால்வைக்கு அடியிலிருந்து ஸ்டெல்லா கடைசி அடியைப் பாடி முடித்தாள். 

வெளியே வந்ததும் முதலாளி குதித்தார். "உசுரோட இருக்கிற பொண்ணுக்கு என் கையால கோடி போட வச்சிட்டீங்களே! இனிமே இங்க பாட்டும் கெடையாது, கூத்தும் கெடையாது!"

"நடுவுல நிறுத்தினது யாருங்க?" என்று நானும் கத்தினேன். மேனேஜர் நழுவப் பார்த்துச் செருப்பைத் தேடினார். ஸ்டெல்லா சால்வையை மடித்து நீட்டினாள். முதலாளி அதைத் தொடவே இல்லை. மறுநாள் காலை குடோன் நிறைய வாஷ்பேசின் அடுக்கிவிட்டார்கள்.

போகிறவர்களுக்கு: பழமலைநாதர் கோயிலைச் சாயங்காலம் பாருங்கள், மதியத்தில் நடை சாத்தியிருக்கும். அந்தப் பக்கம் காலி இடம் ஏதாவது கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள். எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று ரயிலேறும்போது ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"மேடை வாணாம், மைக்கு வாணாம்" என்றாள். "உள்பக்கம் தாழ்ப்பா இருந்தா போதும்."