கோப்பை ராட்டினம்

எங்கள் வீட்டில் யாருக்கும் மலைப்பாதையில் வாந்தி வராது. இதை ஒரு குடும்பச் சொத்து போலவே வைத்திருந்தோம். கீழேயிருந்து வரும் உறவுக்காரர்கள் கல்லாறு தாண்டியதுமே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும் தம்பியும் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றே முறுக்குத் தின்போம். அந்தத் திமிர் எங்களுக்கு அப்பாவால் வந்தது. அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநர். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே இருக்கிற பதினாலு கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் நான்கு தடவை, பதினாறு வருடமாகத் திருப்பியவர்.

அவரிடம் ஒரு தொழில் வழக்கம் உண்டு. பணிமனையில் பழுது பார்த்து வெளியே வந்த வண்டியில் அப்படியே ஆட்களை ஏற்ற மாட்டார். காலி வண்டியாக ஒரு சுற்றுப் போய், பிரேக்கை மிதித்து, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவார். அதற்கு ட்ரையல் என்று பெயர். வீட்டிலும் இதே கதைதான். புதுக் குக்கர் வந்தால் வெறும் தண்ணீரை வைத்து மூன்று விசில் விட்டுப் பார்ப்பார். எனக்குச் செருப்பு வாங்கினால் கடைக்குள்ளேயே என்னை ஓட விட்டுப் பார்ப்பார். அம்மாவுக்கு மானம் போகும்.

நான் ஐந்தாவது படித்தபோது, காலாண்டு விடுமுறையில் நாங்கள் பஞ்சாப் போனோம். அம்மாவின் அண்ணன் அங்கே ராணுவத்தில் இருந்தார். போக மூன்று நாள், வர மூன்று நாள் ரயில். மாமா வீட்டில் இருந்தது ஐந்தே நாள். அந்த ஐந்து நாளும் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. என் மனசெல்லாம் திரும்பி வருகிற நாளின் மேல் இருந்தது. கோயம்புத்தூரில் காலையில் ரயில் இறங்கி, மலை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்துத் தீம் பார்க்கில் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டுப் போகலாம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை அந்தப் பார்க்கை நாங்கள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தோம். மதிலுக்கு மேலே நீலக் குழாய்கள் வளைந்து வளைந்து இறங்கும். உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வரும். திரும்பிப் போகிற வழியில் தாஜ்மகால் பார்க்கலாமே என்று மாமா சொன்னபோது, அந்த நேரத்தைப் பார்க்கில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டவள் நான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும். மாமா வீட்டு மொட்டை மாடியில் அப்பா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விமானச் சத்தம் கேட்டு அப்பா அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் தலையைக் கீழே இறக்குவதற்குள் கால் பின்னிக்கொண்டது. துணிக்கொடிக் கம்பத்தைப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கண்மணிகள் இடதும் வலதுமாக ஓடின. எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் உட்கார்ந்தபடியே அப்பா சொன்னார்.

"அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு. சொன்னா நேரா ஊட்டுக்குப் போலாமுன்னு நிக்கும். அப்பறம் பார்க்கும் இல்ல, ஒன்னும் இல்ல."

பார்க் இல்லை என்ற பிறகு எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் தலையில்தான்.

திரும்பி வருகிற ரயிலில் அம்மாவே பார்த்துவிட்டாள். கீழ் பெர்த்தில் புரண்டு படுத்த அப்பா சட்டென்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார். அம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் எப்போதும் கோபத்தைக் குரலைத் தாழ்த்தித்தான் காட்டுவாள்.

"ஏனுங்க, நாளான்னைக்குக் காலைல மொத வண்டி நீங்கதான் எடுக்கோணும். அம்பது பேரு உசுருங்க. டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு அப்பறமா டூட்டிக்குப் போங்க."

மூன்று நாள் ரயிலில் ஆடினால் யாருக்கும் தலை ஆடத்தான் செய்யும் என்றார் அப்பா. அவருக்கு டாக்டரிடம் பயமில்லை. டாக்டர் எழுதித் தரும் காகிதத்திடம்தான் பயம். தலைசுற்றல் என்று ஒருமுறை எழுதிவிட்டால் ஸ்டீயரிங் மறுபடி கைக்கு வராது. அவரோடு வேலை செய்த ஒருவரைக் கண்பார்வை சரியில்லை என்று பணிமனை வாசலில் ஒரு நாற்காலி போட்டு, வண்டி வருவதையும் போவதையும் நோட்டில் எழுத உட்கார வைத்திருந்தார்கள். அவரைத் தாண்டிப் போகும்போது அப்பா ஹாரன்கூட அடிக்க மாட்டார். அவ்வளவு பாவம் பார்ப்பார்.

அப்பா தூங்கியதும் அம்மா என் பக்கம் திரும்பி, மாமா வீட்டில் அப்பாவுக்கு ஏதாவது ஆச்சா, நீ பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். கண் முன்னால் நீலக் குழாய்கள் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தன.

பார்க் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் தயக்கமில்லை. அன்று வார நாள் என்பதால் கூட்டமே இல்லை. சாமான் வைக்கிற லாக்கரை அம்மா நம்பவில்லை. மூன்று பைகளையும் மாமா கொடுத்த கம்பளிகளையும் ஒரு வேப்பமரத்தடிப் பெஞ்சில் குவித்து, எங்கள் செருப்புகளைப் பெஞ்சுக்கு அடியில் வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் காவலாக உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் அலைக் குளத்தில் ஒன்றரை மணி நேரம் கிடந்தோம். தம்பி உதடு நீலமாகி, அம்மா மடியில் கம்பளிக்குள் சுருண்டு தூங்கிப்போனான்.

அப்போதுதான் அப்பா கோப்பை ராட்டினத்தைப் பார்த்தார். ஆள் உட்காருகிற அளவுக்குப் பெரிய தேநீர்க் கோப்பைகள் எட்டு, ஒரு வட்ட மேடையில் சுற்றும். ஒவ்வொரு கோப்பைக்கு நடுவிலும் ஒரு இரும்புத் தட்டு. அதைப் பிடித்துத் திருகினால் கோப்பை தனியாகவும் சுழலும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான விளையாட்டு. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்த எனக்குக் கோப்பையில் உட்காருவது கொஞ்சம் மட்டமாகவும் பட்டது. ஆனால் அப்பா என் கையைப் பிடித்து, "ஒரு ட்ரையல் போடலாம் வா" என்றார்.

அப்பா எங்களோடு விளையாடுகிற ஆள் இல்லை. விடுமுறை நாளில் தூங்குவார், அவ்வளவுதான். அந்த அப்பா கோப்பைக்குள் காலை மடக்கி உட்கார்ந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் சுற்றில் தட்டை நான் திருகினேன். இரண்டாவது சுற்றில் அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் பிடித்து, ஒன்பதாம் வளைவில் லாரி எதிரே வந்தால் எப்படித் திருப்புவாரோ அப்படித் திருப்பினார். மூன்றாவது சுற்றில் எதிர்ப்பக்கம் திருப்பினார். நான் கத்திச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, மேலே மரக்கிளையைப் பார்த்தார், உடனே கீழே தன் முழங்காலைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் இறங்கிப் பெஞ்சு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். வேறு ஆள் இல்லாததால் ராட்டினத்து அண்ணன் எங்களை மறுபடி மறுபடி ஏற விட்டார். இப்படி ஒரு அப்பா இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என் சிறுவயதில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் அந்தக் கோப்பைக்குள்தான்.

நான்காவது சுற்றில் அப்பா தட்டை விடவேயில்லை. ராட்டினம் நின்ற பிறகும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கினார். இறங்குகிற இடத்தில் குழாய் ஒழுகித் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை மிதித்துத் தாண்டித்தான் எல்லோரும் போக வேண்டும். அங்கிருந்து அம்மாவின் பெஞ்சு வரைக்கும் முப்பதடிக்குக் காய்ந்த சிமெண்டுத் தரை. அப்பா முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பாதி வழியில் அவர் வலது பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிப் போய், ஓரத்து வேலிக் கம்பியைத் தொட்டு, மறுபடி நடுவுக்கு வந்தார். அம்மா அப்போது தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

பெஞ்சுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அப்பா நின்று, குனிந்து, மெதுவான குரலில் கேட்டார்.

"பாப்பா, நீ பின்னாடிதான வந்த? நான் நேரா நடந்தனா?"

பரீட்சைத்தாளைக் கையில் வைத்திருக்கிற பையன் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். இல்லை என்று சொன்னால் ராட்டினம் முடிந்துவிடும், பகலும் முடிந்துவிடும். அதுவுமில்லாமல் அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நேராத்தான் நடந்தீங்கப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டினார். அப்புறம் நிமிர்ந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் வெளுத்துக் கிடந்த தரையையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். செருப்பைத் தேடுகிறார் என்று நினைத்து, செருப்பெல்லாம் பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னேன். "செரி கண்ணு" என்றார். ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை. ஐந்தாவது சுற்றுக்கு நான் கையைப் பிடித்து இழுத்தபோது, போதும் என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போய்ப் பைகளைத் தூக்கினார். மணி மூன்றுகூட ஆகவில்லை. நான் அழுதேன், பலனில்லை.

மலைக்குப் போகிற பஸ்ஸில் ஓட்டுநர் அப்பாவின் சிநேகிதர்தான். முன் சீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். யார் ஓட்டினாலும் அப்பா முன் சீட்டில்தான் உட்காருவார். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். அன்று அப்பா அசதியாக இருக்கிறது என்று சொல்லி நடுவில் உட்கார்ந்தார். பர்லியாரில் பஸ் நின்றபோது டீ குடிக்கவும் இறங்கவில்லை. குன்னூர் வரைக்கும் நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது மிதிக்கவேயில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்னால் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். அம்மா வாசலில் நின்று என்னவோ சொன்னாள். நான் பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்துவிட்டார். அந்த நேரத்துக்கு அவர் மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வண்டி எடுக்கவில்லை, தலைசுற்றுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார்.

நேற்று வரை டாக்டரிடம் போகச் சொன்ன அம்மா இப்போது பதறினாள். காட்டிவிட்டு அப்புறம் சொல்லியிருக்கலாமே என்றாள். வெயிலில் ராட்டினம் சுற்றினால் யாருக்குத்தான் கிறுகிறுக்காது, அதற்குப் போய் எழுதிக் கொடுப்பார்களா என்றாள். அப்பா நிதானமாகச் சொன்னார்.

"பாப்பா பின்னாடி வந்து பாத்துச்சு. நேரா நடக்கலீங்கப்பான்னு மொகத்துக்கு நேராச் சொல்லிருச்சு. புள்ள சொன்னதுக்கப்பறம் எப்படி வண்டிய எடுக்கறது?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிட்ட வந்து பாதி பின்னிய சடையோடு என் தலையைத் தன் வயிற்றில் சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் டாக்டர், கோளாறு உள்காதில்தான் என்றார். மருந்தில் பாதி குணமானது. ஸ்டீயரிங் திரும்ப வரவில்லை. பணிமனை வாசலில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். பதினோரு வருடம் அப்பா அதில் உட்கார்ந்து வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் எழுதினார். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். நாங்கள் அதில் சந்தோஷப்பட்டோம்.

இன்றைக்கும் உறவுக்காரர்கள் கூடினால் அம்மா இந்தக் கதையை எடுத்துவிடுவாள். பத்து வயதில் அப்பன் முகத்துக்கு நேராக உண்மையைச் சொன்ன பிள்ளை என்பாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் என்பார். கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் வீட்டு வாசலைக் கழுவிவிட்டு ஈரக்காலோடு காய்ந்த தரையில் நடந்து, தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். என் கால் தடம் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே கிடந்தது. அன்றைக்குத்தான் அப்பா பார்க்கில் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் என்னிடம் கேட்டார், அப்புறம் தரையிடம் கேட்டார். தரை உண்மையைச் சொன்னது. அந்த உண்மையை என் பேரில் எழுதிவிட்டார். என்னை நம்பியிருந்தால் மறுநாள் காலை ஐம்பது பேரோடு முதல் வண்டியை எடுத்திருப்பார்.

அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அம்மாவின் புடவைக்குள் முகம் புதைந்திருக்க, நான் அப்படிச் சொல்லவில்லையே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அலைக் குளத்தில் அப்பாவுக்குக் காதில் தண்ணீர் புகுந்திருக்கும், அதனால் தப்பாகக் கேட்டிருக்கும் என்று முடிவு செய்தேன். பாராட்டு கிடைக்கிறபோது அதைப் போய் எதற்குத் திருத்துவது என்றும் தோன்றியது. ஆனாலும் அப்பா பாவம். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து தடவை குதித்தால் காதுத் தண்ணீர் வந்துவிடும் என்று, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்துக்கொண்டேன்.