காலால் பிறந்தவனுக்கு இடுப்பு பிடித்தால்

போடியிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டுகிறவனுக்கு வண்டியில் எது கெட்டாலும் கழற்றி மாட்ட ஆள் உண்டு. இடுப்பு பிடித்தால் மட்டும் அதே உருப்படியை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு இதைப் படிக்கிற புண்ணியவான்களே, நீங்களும் என் சாதிதான். மெதுவாக உட்காருங்கள்.

நான் சிலமலைக்காரன். ஏலக்காய் எடுக்கப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களை விடிந்ததும் ஏற்றி, போடிமெட்டு தாண்டித் தோட்டத்தில் இறக்கி, சாயங்காலம் வீட்டில் சேர்ப்பது என் வேலை. அதற்கு மேல் எனக்கு ஒரு கௌரவமும் உண்டு. நான் காலால் பிறந்தவன், அதாவது பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்தவன். அப்படிப்பட்டவன் கால் பட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. டாக்டருக்குப் படித்தவர்கள்கூட இப்படிப் பிறக்க முடியாது, பாருங்கள்.

பாண்டியம்மாள் அக்கா

ஏலக்காய், செடியின் உச்சியில் காய்க்காது. அடித்தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். பொழுதுக்கும் குனிந்தும் குந்தியும் எடுத்துவிட்டு நிமிர்ந்தால், சிலருக்கு நிமிர வராது. எங்கள் லோடுக்கு, அதாவது என் ஜீப்பில் ஏறும் கூட்டத்துக்கு, தலைவி மாதிரி இருக்கிற பாண்டியம்மாள் அக்காவுக்கு ஒரு நாள் அப்படித்தான் ஆனது. ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். மற்ற பெண்கள் அவரைச் சாக்கு விரித்துக் குப்புறப் போட்டு, "காலால பொறந்தவன்தான நீ, மிதிப்பா" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள்.

என் எடைக்கு நான் மிதித்தால் அக்கா மிஞ்ச மாட்டார். கால் பெருவிரலால் தொட்டும் தொடாமலும் ஒரு தொடு தொட்டேன். வீட்டில் இறக்கிவிடும்போது, முன்னே எனக்கு இடுப்பு பிடித்தபோது போடியில் ஒரு டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, சூட்டை முதலில் கையில் பார்த்துவிட்டு ஒத்தடம் கொடுக்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிக் கெண்டைக்காலை நாற்காலி மேல் போட வேண்டும். வலி கொஞ்சம் அடங்கியதும் எழுந்து வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும், படுத்த படுக்கையாகக் கிடக்கவே கூடாது. இரண்டொரு நாளில் அக்கா தானாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "இவன் காலு காலில்லத்தா, கரண்டு!"

ஜோசேட்டன்

தோட்டத்து சூப்பர்வைசர் ஜோசேட்டன் மலையாளி. கால் வைத்தியம் என்றாலே சிரிப்பார். மழை நாளில் சறுக்கி அவருக்கே இடுப்பு பிடித்ததும், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என்னைக் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்பக்கம் கூப்பிட்டார்.

சாக்கில் குப்புறப் படுக்க வைத்து விரலை வைத்தேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கோயிலில் விழுந்து கும்பிடுகிற மாதிரி கிடந்தார். உப்பு வறுக்க அங்கே அடுப்பு இல்லை. ஆனால் உள்ளே காய் உலர்ந்துகொண்டிருந்ததால் ஸ்டோர் சுவர் இதமாகச் சுட்டது. அவரை எழுப்பி அதில் முதுகைச் சாய்த்து நிற்க வைத்தேன், பிறகு கொஞ்சம் நடக்கச் சொன்னேன். அரசாங்க ஆஸ்பத்திரியில்கூட ஏலக்காய் மணக்கிற ஒத்தடம் கிடையாது. முகம் தெளிந்த ஜோசேட்டன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்பதைத் தன் பாஷையில் சொன்னார்: "ஆரோடும் பறயண்ட, கேட்டோ. நாளைக்கும் வரணும்."

கால் வைக்காத கதை

செல்வி என்று ஒரு பெண். இடுப்பு வலி என்று வந்து சாக்கை அவளே விரித்தாள். பேச்சுவாக்கில், ஒரு கால் மரத்துக் கிடக்கிறது, ஒண்ணுக்கு வருவதே தெரியவில்லை என்றாள். அப்படியென்றால் ஒத்தடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் காலைத் தூக்கவே இல்லை. செல்வியும் அவள் புருஷனும் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் வண்டியைப் போடி ஆஸ்பத்திரிக்கு விட்டேன். அங்கிருந்து தேனிக்கு அனுப்பி ஆபரேஷன் செய்தார்கள். நான் தொட்ட இடுப்புகளைவிட அந்தத் தொடாத இடுப்பை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. நடந்து வீடு திரும்பிய செல்வி சொன்னது: "நீங்க மாட்டேன்னதுதாண்ணே எனக்கு வைத்தியம்."

வைத்தியனுக்கு வந்தது

போன வருஷம் காயெடுப்பு மும்முரமாக இருந்த சமயம். ஸ்டெப்னி டயரைத் தூக்கக் குனிந்தேன். இடுப்பில் சுளீர் என்றது, அவ்வளவுதான், டயரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தோம். வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. தேவாரம் ஊரைச் சேர்ந்த டிரைவர் ஒருவன் என் லோடு மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தான். நான் விழுந்த மறுநாளே அவன் வண்டி எங்கள் ஊருக்குள் வந்துவிட்டது. சோலியை விட முடியாத பெண்கள் அதில் ஏறிப் போனார்கள். சீசனில் வண்டி மாறிப் பழகிய லோடு பெரும்பாலும் திரும்பாது.

ஊருக்குச் சொன்னதையெல்லாம் எனக்கே செய்துகொண்டேன். ஆனாலும் மனசு ஒரு காலைத் தேடியது. என் கால் என் இடுப்புக்கு எட்டவில்லை, அதையும் முயன்று பார்த்து வலியைக் கூட்டிக்கொண்டேன். உப்பு வறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், நம் ஊரில் காலால் பிறந்தவர்கள் வேறு யார் என்று கேட்டேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை: "ஒங்க அண்ணந்தாண்டா காலால பொறந்தவன். நீ தலையாலதான் வந்த. ஒங்கப்பன் ஊரெல்லாம் மாத்திச் சொல்லிட்டாரு, நானும் விட்டுட்டேன். திருப்பூருக்குப் போன் போட்டு அவன வரச் சொல்லவா?"

மறுபடியும் மலைக்கு

அண்ணன் வரவில்லை. உப்பும் நடையும் போதுமானதாக இருந்தன. உடம்பு தேறியதும் ஒரு காலையில் பயந்துகொண்டேதான் வண்டியை எடுத்தேன். பஸ் ஸ்டாப்பில் தேவாரத்து ஜீப் நின்றிருந்தது, நான் வருவது தெரிந்து என் லோடு மொத்தமும் அதில் ஏறாமல் ரோட்டில் நின்றிருந்தது. கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்படிப்பட்டவர்களை ஏமாற்றி ஓட்ட மனசு வரவில்லை. போடிமெட்டில் டீக்கு நிறுத்தியபோது உண்மையைப் போட்டு உடைத்தேன். என் காலில் ஒன்றும் கிடையாது, அண்ணனுடைய பேரில் இத்தனை நாள் தொட்டுவிட்டேன் என்றேன். இறங்கி வேறு வண்டி பார்ப்பார்கள் என்றே நினைத்தேன். பாண்டியம்மாள் அக்கா டீயைக் குடித்து முடித்து, பின் சீட்டில் நெளிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினார்: "நீ எப்படிப் பொறந்தா எங்களுக்கென்னப்பு? எந்திரிச்சு நடந்தது நாங்கதான? இவளுக்கு நேத்துலருந்து இடுப்பு புடிச்சிருக்கு, வெரசா கால வையி, சோலிக்கு நேரமாச்சு."

ஆகவே சக நோயாளிகளே, இடுப்பு பிடித்தால் உப்பை வறுங்கள், எழுந்து நடங்கள், அதற்கு மேலும் ஒரு பெருவிரல் வேண்டுமென்றால் காலையில் சிலமலை பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள், தலையால் பிறந்தவன்தான் என்றாலும் காலுக்கு நல்ல பேர் இருக்கிறது.