கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவர்

எண்பதுகளின் தொடக்கம். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற சாலையில் புதிதாக வந்திருந்த நைலான் நூல் ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புரட்டாசி மாதம். சம்பா நடவு முடிந்து, எங்கே பார்த்தாலும் தண்ணீர் கட்டுகிற பேச்சாகவே இருந்த நேரம்.

என் அப்பா விவசாயி. நான் வயலை விட்டுவிட்டு ஆலைக்குப் போனதில் அவருக்கு வருத்தம். ஆனால் தினமும் சாயங்காலம் ஆலைக் கதையைக் கேட்காமல் விட மாட்டார். "பருத்தி இல்லாம நூலாடா? நல்லா கதை விடுறே" என்பார். நானும் சளைக்காமல் விளக்குவேன். நொய்யரிசி மாதிரி இருக்கும் நைலான் மணிகளை உருக்கி, மேல்மாடியில் பொடித் துளைகள் போட்ட தட்டு வழியாக இடியாப்பம் பிழிவதுபோலப் பிழிவார்கள். அது மெல்லிய இழைகளாகக் கீழே இறங்கும். இறங்கும் வழியில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பெட்டிக்குள் குளிர்காற்று ஒரே சீராக வீசி அதை இறுக வைக்கும். கீழ்த்தளத்தில் நாங்கள் பிடித்துச் சுற்றுவோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நூலையும் சோறு மாதிரி ஆற வெச்சுத்தான் எடுக்கணுமா?" என்று சிரிப்பார்.

அந்தக் காற்றுக்குத்தான் ஆலையில் அத்தனை மரியாதையும். வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே புகுந்தால் போதும், இழைகள் ஆடி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நூல் அறுந்து தரையில் கொட்டும். அதனால் நூல் கோக்கிற நேரத்தில் கூடத்தின் கண்ணாடிக் கதவை யாரும் திறக்கக் கூடாது. முதலாளியே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

அன்று எனக்கு முதல் ஷிப்ட், இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி வந்திருந்தேன். காலையில் மேலே தட்டு மாற்றியிருந்தார்கள். முதல்முறையாக என்னைத் தனியாக நூல் கோக்கச் சொன்னார் சூப்பர்வைசர். மேலேயிருந்து பாய்ந்து வரும் நூலை, காற்றால் உறிஞ்சும் ஒரு குழாயால் லபக்கென்று பிடித்து, உருளைகளில் வளைத்து, பாபினில் ஏற்ற வேண்டும். முதலில் அறுந்தது. மறுபடியும் அறுந்தது. வியர்த்துக் கொட்டியது எனக்கு. அப்புறம் ஏறியது பாருங்கள்! ஒன்றன்பின் ஒன்றாக எல்லாமே ஏறிவிட்டன. தலைகால் புரியாத சந்தோஷம். சாயங்காலம் அப்பாவிடம் போய், 'நீங்க நாத்துக் கட்டப் பிரிக்கிற வேகத்துல புடிச்சேன்ப்பா' என்று சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டே மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் அதற்கு என்ன கிண்டல் செய்வார் என்பதுகூடத் தெரியும். தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வயலுக்கு அடுத்த துண்டு நிலத்தை உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்து, அதுவரை கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்த அவருக்குப் பட்டா கொடுத்தது. அந்தத் துண்டைக் குத்தகைக்குப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்த அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அன்றிலிருந்து மடைத் தண்ணீருக்கு இருவரும் எலியும் பூனையும்தான். இன்னொன்றும் உண்டு. ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்துதான் ஒருவர் ஊர் ஊராகப் போய், வாசலுக்கு வெளியே நின்று, உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். 'இனிமே எழவு சொல்லப் போக மாட்டோம்' என்று கொடி பிடித்தவர்களில் முதல் ஆள் அவர். அதற்காக வாங்கிய அடியின் தழும்பு நெற்றியில் இருக்கும்.

வேலை கேட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். ஊரிலிருந்து அப்படிப் பலர் வருவார்கள். 'இருங்க' என்று கை காட்டினேன். அவரும் தலையாட்டினார்.

நூல் அறுபடாமல் ஓட ஆரம்பித்த பிறகு வெளியே வந்தேன். "வாங்கண்ணே, என்ன இவ்வளவு தூரம்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் அவர் என்னைத் தொட்டதே இல்லை.

"தம்பி, விடியக்காலம் அப்பா மடைக்கிட்ட விழுந்துட்டாரு. நான்தான் ஓடிப்போய்த் தூக்குனேன். கண்ணே தொறக்கல. போயிட்டாரு தம்பி."

எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. விரலில் ஒட்டியிருந்த நைலான் பிசிறைப் பிய்த்துக்கொண்டே நின்றேன். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து, "ரொம்ப நேரமா நிக்கிறாரு தம்பி. பின்பக்கமா போயி சொல்லலாம், வாங்கன்னு கூப்பிட்டேன். வேணாம்னுட்டாரு" என்றார்.

வந்ததே கோபம் எனக்கு! அத்தனை துக்கமும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. "எங்கப்பா செத்துக் கெடக்குறாரு, நீங்க இங்க வேடிக்க பாத்துக்கிட்டு நின்னீங்களா?" என்று கத்தினேன்.

அவர் கையை விடவில்லை. "நீங்க உள்ள சிரிச்சுக்கிட்டு நின்னீங்க தம்பி. நான் வாயத் தொறந்தா அந்தச் சிரிப்பு போயிடும். போனவரு இனிமே எங்க போவப்போறாரு? இன்னும் செத்த நேரம் அப்பன் இருக்குற புள்ளயாவே இருந்துட்டுப் போவட்டுமேன்னு நின்னுட்டேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர்தான் என்னைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு வந்தார். அவர் வேட்டியில் சேறு காய்ந்து கிடந்ததை வழியில்தான் கவனித்தேன். அப்பாவைத் தூக்கிய சேறு. துணிகூட மாற்றாமல் வந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் கூட்டம். என்னைக் கண்டதும் அம்மா கதறினாள். சித்தப்பா நேராக அவரிடம் போனார். "எழவு சொல்லப் போனவன் எங்கடா போயி ஒக்காந்திருந்தே? பொழுது சாயறதுக்குள்ள எடுக்க வேணாமா?" என்று எகிறினார்.

அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார். "எழவு சொல்ல நான் போவலீங்க. அடுத்த வயக்காரரு மவனக் கூட்டியாரப் போனேன்."

சித்தப்பா கையை ஓங்கிவிட்டார். நான் நடுவில் போய் நின்றேன். "நான்தான் சித்தப்பா அவர நிக்கச் சொன்னேன்" என்றேன். அது பொய்யுமில்லை. சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போனார். அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோது அந்த அண்ணனும் எங்களோடு கூடவே நடந்து வந்தார். வரக் கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் அதே ஆலையில் நூல் கோத்தேன். வருடா வருடம் திதி கொடுக்கும்போது ஐயர் கேட்டால், அப்பா போனது விடியற்காலை என்றுதான் சொல்கிறேன். ஆனால் எனக்கு மட்டும் அப்பா அன்று வெயில் ஏறும்வரை உயிரோடுதான் இருந்தார், என் நூல் கதையைக் கேட்டுக் கிண்டலடித்துக்கொண்டு. அந்தக் கொஞ்ச நேரத்தை எனக்குக் கொடுத்தவர், அப்பாவோடு ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாத மனிதர்.