அப்பாவின் எண்ணுக்குப் போன ரிப்போர்ட்

எனக்கு நோய் எதுவும் இல்லை. வரக்கூடாது என்பதற்காகத் தினமும் ஒரு மாத்திரை போடுகிறேன். ஆண்களோடு பழகுகிறவன் நான், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க அது காவல். இந்த எளிய விஷயத்தை மதுரையில் ஒருவருக்குப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். மருந்துக்கடைக்காரர் டப்பாவின் மேலிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, கையில் கொடுக்காமல் கண்ணாடி மேசையில் வைத்து என் பக்கம் தள்ளுவார். முதலில் பார்த்த டாக்டரோ, கல்யாணம் செய்துகொண்டால் இதெல்லாம் தேவைப்படாது என்று கேட்காமலே யோசனை சொன்னார்.

மாத்திரையைத் தொடர வேண்டுமென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். எச்.ஐ.வி. இல்லை என்பது உறுதியாக வேண்டும், சிறுநீரகம் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். போன வருஷம் ஒருமுறை, வழக்கமாகப் போகும் லேப் பூட்டியிருந்ததால் கே.கே. நகரில் இன்னொன்றுக்குப் போனேன். முன்பு அப்பாவைச் சர்க்கரை டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போன இடம். கவுன்டரில் இருந்த பெண் அப்பாவின் பழைய பதிவைத் திறந்து அதிலேயே என்னையும் சேர்த்துவிட்டார். எந்த எண் இருக்கிறது என்று பார்க்க எனக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் ரிப்போர்ட் நேராக வாடிப்பட்டியில் இருந்த அப்பாவின் வாட்ஸப்புக்குப் போய்விட்டது.

அவர் போன் செய்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவரோ சந்தோஷத்தில் இருந்தார். ஊர் மருந்துக்கடையில் காட்டி விசாரித்திருக்கிறார்; எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. யாரும் சொல்லாமலே கல்யாணத்துக்கு முன்னால் டெஸ்ட் எடுத்த பொறுப்பான பிள்ளை என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ஜாதகத்தோடு சேர்த்து ரிப்போர்ட்டையும் தரகருக்கு அனுப்பிவிட்டார். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீட்டில் அதைப் பார்த்து எல்லோரும் பூரித்துப்போனார்களாம்.

எல்லோரும் இல்லை. பெண் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தரகரிடம் எண் வாங்கி, ஒரு மத்தியானம் அவரே என்னைக் கூப்பிட்டார்.

"எச்.ஐ.வி., கிட்னி, இந்த ரெண்டு டெஸ்ட்டையும் சேத்து எதுக்கு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க ஆஸ்பத்திரிலயும் அந்த மாத்திரை குடுக்குறோம்," என்றார். "நான் வேணாம்னு சொன்னா என்னயத்தான் வைவாக. நீங்களே சொல்லிருங்க. மாத்திரைய மட்டும் நிப்பாட்டிராதீங்க."

முகம் சுளிக்காமல் என் மாத்திரையைப் பற்றிப் பேசிய முதல் ஆள், வாயை மூடிக்கொண்டு நான் ஏமாற்ற இருந்த பெண். வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா தோட்டத்தில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் வேண்டாம் என்றேன். இவ்வளவு சுத்தமான ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உனக்கு என்ன கேடு என்று கத்தினார். சொல்லிவிட்டேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான், நோய் வராமலிருக்கத் தினமும் மாத்திரை போடுகிறேன், அதற்காக எடுத்த டெஸ்ட்தான் அது. இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவர் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். பிறகு, எத்தனை நாளாக மாத்திரை போடுகிறாய் என்று கேட்டார். ஒரு வருஷமாக என்றேன்.

"ஒரு வருசமாப் போட்டுமாடா இன்னும் சரியாகல?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். குரலில் அவ்வளவு கவலை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுபடி முதலிலிருந்து விளக்க நான் வாய் திறப்பதற்குள் அவர் போனை எடுத்துத் தரகரைக் கூப்பிட்டார்.

"அந்தச் சம்பந்தம் வேணாம்ணே. பையனுக்கு உடம்புக்கு முடியல. மாத்திரை சாப்புடுறான்."