தேதி போட்ட ஓட்டு

எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாறு நகராட்சி அலுவலகச் சுவரில் ஒரு மரப்பலகையில் இருக்கிறது. மொத்தம் ஒன்பது வரி. முதல் வரிக்காரர் ஜெயித்த பிறகு நன்றி சொல்லக்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாமவர் வந்தார், சபையில் ஐந்து வருஷமும் வாய் திறக்காததற்குப் பல்வலிதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாமவர் ஒரே பதவிக்காலத்தில் மூன்று கட்சி பார்த்தார். அடுத்த நான்கு வரியும் ஒரே வீடு: அப்பன், மகன், மருமகன், மறுபடியும் மகன். எட்டாவது வரியில், வித்தியாசம் என்ற கட்டத்தில் எண் கிடையாது. 'சமம், குலுக்கல்' என்று எழுதியிருக்கும்.

அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் அவளுடைய மேசை. பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். ஒரு காகிதம் குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் அவளுக்குக் 'கறார்' என்று பெயர். அந்தக் கறார் அவள் சொந்தமாகச் சம்பாதித்தது அல்ல, அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா அரசாங்கப் பண்டகசாலையில் முப்பத்தோரு வருஷம் பதிவேடு பார்த்தவர். இளவயதில் அவர்மேல் ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று, சாமான் திருடுகிறார் என்று. விசாரணையில் ஒன்றும் இல்லை என்று ஆனது. ஆனால் அதற்குள் இரண்டு வருஷம் எங்கேயோ மூலையில் மாற்றலில் கிடந்துவிட்டு வந்தார். எழுதினவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் கைபட்ட காகிதம் எதுவும் கையெழுத்தில்லாமல் போகாது. பால் அட்டை, மளிகைச் சீட்டு, எரிவாயு உருளை மாற்றிய நாளைக் குறித்த காலண்டர் தாள் எல்லாவற்றிலும் சுருக்கக் கையெழுத்து, கீழே தேதி. "பேரைப் போடத் துணிச்சல் இல்லாதவன் எதுக்குப் பேனாவைத் தொடணும்?" என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

எட்டாவது தேர்தலில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தர் சிமெண்ட் கடைக்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியைத் தன் பக்கம் கொண்டுபோவேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். இன்னொருத்தர் அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா. ஆஸ்பத்திரியை யாரும் அசைக்க முடியாது என்றார். அப்பா வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒருவருக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டார். அவருடைய தம்பியும் கூடப் போனார். தம்பி பேருந்து ஓட்டுநர், அவளுக்குச் சித்தப்பா.

ஓட்டு எண்ணுகிற வேலைக்கு அவளைப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடக் கூடத்தில் மேசை. சீட்டைப் பிரித்து, முகவர்களுக்குக் காட்டி, உரிய தட்டில் போடவேண்டும். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பிரித்த ஒரு சீட்டில் நர்ஸம்மாவின் சின்னத்தில் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஒரு சுருக்கக் கையெழுத்து. அதற்குக் கீழே தேதி.

வீட்டுப் பால் அட்டையில் தினமும் பார்க்கிற கையெழுத்து. போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கிற அடையாளம் எது இருந்தாலும் ஓட்டு செல்லாது. முகவர்கள் இருவரும் பக்கத்து மேசைச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலால் மறைத்தபடி நர்ஸம்மா தட்டில் போட்டிருந்தால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரிந்திருக்காது. அவள் போடவில்லை. "ரூல்னா ரூல்தாம்மா" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவரின் ஓட்டு அது. செல்லாத தட்டில் போட்டாள். ஒரே ஒரு ஓட்டு, அதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் அப்போது நினைத்தாள்.

மாலையில் கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் சமம். மறுபடி எண்ணினார்கள், சமம். செல்லாத சீட்டுகளைப் புரட்டிய அதிகாரி ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். "எவனோ புத்திசாலி தேதியெல்லாம் போட்டு வெச்சிருக்கான் பாருங்க." கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். கடைசியில் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். சிமெண்ட் கடைக்காரர் பெயர் வந்தது.

அப்பா பொறுக்கவில்லை. வாக்காளர் பட்டியலை வாங்கிவைத்துக்கொண்டு, ஓட்டுப் போடாமல் இருந்த அந்த ஒருவன் யாரென்று தெருத் தெருவாக விசாரித்தார். போடாதவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அவர் கண்ணில் பட்டது ஒரே பெயர்தான்.

"சோம்பேறிய ஊரெல்லாம் தேடினேன். என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கான்."

"அண்ணே, ஓட்டுப் பெட்டிய ஏத்திக்கிட்டு மலைக்குப் போகச் சொல்லிட்டாங்க" என்றார் சித்தப்பா. "திரும்பி வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிருச்சு."

"ஊரார் ஓட்டெல்லாம் சுமந்தியே, உன் ஓட்ட யாருடா சுமக்கறது? நீ ஒருத்தன் போட்டிருந்தா ஆஸ்பத்திரி நின்னுருக்கும். இனிமே இந்தப் படி ஏறாத."

அவள் அதே அறையில்தான் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். எண்ணுகிற இடத்தில் பார்த்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறோமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சத்தியமாவது மண்ணாவது! பயம், வேறொன்றும் இல்லை. அப்பாவின் முகம் சுருங்குவதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சித்தப்பா தட்டிலிருந்த காப்பியைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பதினான்கு மாதத்தில் ஆஸ்பத்திரி ஆற்றைத் தாண்டிப் போனது. பழைய கட்டடத்தில் இப்போது சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. ஒன்பதாவது தேர்தலில் அவரே பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். நர்ஸம்மா நிற்கவே இல்லை. அந்த முறை அவள் உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்து எண்ணுகிற வேலையிலிருந்து கழன்றுகொண்டாள். அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்வந்தார்கள்.

ஆறாவது வருஷம், ஒரு காலையில் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி. வாடகைக் காரில் ஏற்றினார்கள். பாலத்தில் மணல் லாரிகள் நின்றன. பாலத்தைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. துக்கம் கேட்கப்போன அவள் கையைப் பிடித்துக்கொண்டு சித்தி சொன்னாள், "கார்லகூட அதேதான்மா பேச்சு. அந்த ஓட்டப் போட்டிருந்தா பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருந்திருக்கும், என் தப்புக்கு நானே அனுபவிக்கிறேன், அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுன்னாரு."

எட்டாம் நாள், இறப்பைப் பதிவு செய்ய அப்பாவே வந்தார். மூத்தவர் என்ற முறையில் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். படிவத்தை அவள் நிரப்பியிருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். இறந்த இடம் என்பதற்கு எதிரே 'வழியில்' என்று இருந்தது. அந்தச் சொல்மேல் விரலை வைத்தார்.

"அவன் ஒரு ஓட்டுப் போட்டிருந்தா இப்படி எழுதவேண்டி வந்திருக்காது" என்றார். பிறகு பேனாவைத் திறந்து சுருக்கக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதி போட்டார்.

அதைப் பார்த்ததும் அவளால் அடக்கமுடியவில்லை. "அப்பா, சீட்டுலயும் இப்படித்தான் போட்டீங்களா?"

"எந்தச் சீட்டு?"

"ஓட்டுச் சீட்டு."

"போடாம? மொட்டைக் கடுதாசியா அது?"

அவள் தலையைத் தூக்காமல் சொல்லிமுடித்தாள். கையெழுத்துப் போட்ட ஓட்டு செல்லாது என்பதை, அது தன் கையில் வந்ததை, தானே அதைத் தள்ளியதை. வரிசையில் நின்றவர்கள் முன்னால் நகரப் பார்த்தார்கள்.

"அப்போ இத்தன வருஷமா நான் போட்டது?"

"எதுவுமே சேர்ந்திருக்காதுப்பா."

அவர் பலகையைப் பார்த்தார். ஒன்பது வரியையும் மேலிருந்து கீழே வாசிப்பதுபோல மெதுவாகப் பார்த்தார்.

"நீ தள்ளினது சரிதான். ரூல் அப்படித்தானே" என்றார். பிறகு, "தம்பிகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"நாலு வீடு தள்ளித்தானே இருந்தான்."

அவள் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சான்றிதழை வாங்காமலே படியிறங்கிப் போனார். அடுத்து நின்ற பெண்மணி, பிறந்த குழந்தைக்கான படிவத்தை நீட்டினாள். அதிலும் இடம் என்ற கட்டத்தில் 'வழியில்' என்றுதான் எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள் கறார்.