நேசராஜாவின் அறைத் தரை

அச்சுவேலியில் வினிபிரட்டைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி முதலில் சொல்வது, யார் என்ன கதைத்தாலும் முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதைத்தான். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் காரியாலயத்தில் இருபத்தெட்டு வருடம் தட்டச்சு செய்தவள். அதற்குள் ஐந்து அதிபர்கள் வந்துபோனார்கள். ஒருவர் கடிதம் சொல்லும்போது தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார். இன்னொருவர் ஒரே வசனத்தை மூன்று தரம் சொல்லுவார். எவரையும் அவள் இடைமறித்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிழையைத் தானே சத்தமில்லாமல் திருத்திவிடுவாள். அதைப் பணிவு என்று பாராட்டினார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவளுடைய கணவர் நேசராஜா கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று ஆசுபத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார். இடது கையில் அதற்கென்று சத்திரசிகிச்சை செய்து இணைத்த நரம்பு அடைத்துப்போனது. வலது கையிலும் அப்படியே. கடைசியில் கழுத்தில் குழாய் வைத்தார்கள். அது கனநாளைக்கு ஓடாது என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த வழி ஒன்று. வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே மருந்து நீரை உள்ளே விட்டு வெளியே எடுப்பது. அதற்குத் தூசி இல்லாத ஓர் அறை வேண்டும். கிருமி உள்ளே போனால் ஆள் தப்பாது. ஆசுபத்திரித் தாதி தனுஷா மிஸி வீட்டுக்கு வந்து அறையைப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும். அதை வீட்டில் செய்யப் பழக்கும் பயிற்சி சித்திரையில் தொடங்கும், அதற்கு ஆறு பேர்தான். அடுத்தது ஐப்பசியில்.

அவர்கள் வீட்டில் தூசி வெளியிலிருந்து வரவில்லை, தரையிலிருந்தே வந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய வருடம் கிடைத்த மணலையும் சீமெந்தையும் வைத்துப் போட்ட கொங்கிறீற் அது. எத்தனை தரம் கூட்டினாலும் மா அரித்ததுபோல வெள்ளையாக ஒரு படலம் கிளம்பும். எப்பொக்சி என்ற பிசின் பூச்சைப் பூசினால் கண்ணாடிபோல ஒரே பரப்பாக இருக்கும், துடைத்தெடுக்கலாம் என்று மிஸிதான் சொன்னாள்.

மருதனார்மடத்திலிருந்து ஜெயரூபன் வந்தான். அந்தப் பக்கத்தில் இந்த வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இரண்டு நாள் இயந்திரம் பிடித்து அறைத் தரையின் மேல்தோலை உரித்தான். பூச்சுப் பிடிக்க அப்படிச் செய்ய வேண்டுமாம். முன்னறையில் சாய்மனைக் கதிரையில் கிடந்த நேசராஜா துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, கண்ணாடி மாதிரி வரும் எண்டு சொல்லுறாய். வழுக்காதே?"

"ஈரமெண்டால் கொஞ்சம் வழுக்கும் அங்கிள்."

"அப்ப நல்லது. கிட்னியை நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு வழுக்கலோடை அலுவல் முடிஞ்சிடும்."

"இஞ்சருங்கோ, வாயைக் கழுவுங்கோ" என்றாள் வினிபிரட்.

பூச்சு கொழும்பிலிருந்து சொல்லி எடுப்பித்தது. பெரிய டின் ஒன்று, சின்ன டின் ஒன்று. இரண்டையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கினால் இறுகத் தொடங்கிவிடும். டின்னில் ஒட்டியிருந்த ஆங்கிலத் தாளை அவள் ஆறுதலாக வாசித்தாள். கலந்தபின் நாற்பது நிமிடம். வெயில் கூடினால் அதிலும் குறைவு. கலந்ததை வாளியில் வைத்திருந்தால் சூடேறிக் கெதியாக இறுகும், உடனே தரையில் ஊற்றவும்.

"அன்ரி, இது பாணுக்கு மாக் குழைக்கிற மாதிரி இல்லை" என்றான் ஜெயரூபன். "குழைச்சு வைச்சிட்டு ஊர்க்கதை கதைக்கேலாது. கலக்கினால் ஓட்டம்தான்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்குவது என்று பேச்சு. ஆனால் அவர்களுடைய வீட்டில் ஜெபமில்லாமல் எதுவும் தொடங்கியதில்லை. கிணறு இறைத்தபோதும், மகள் மதுஷா கனடாவுக்கு வெளிக்கிட்டபோதும், நேசராஜாவின் முதல் சைக்கிளுக்கும் ஜெபம் நடந்தது. ஜெபம் செய்ய வரவேண்டிய நதானியேல் உபதேசியாருக்கு எழுபத்தெட்டு வயது. பத்துக்கு வருகிறேன் என்றவரைப் பதினொன்றரையாகியும் காணவில்லை. ஜெயரூபனுக்குப் பின்னேரம் இணுவிலில் வேறு வேலை இருந்தது. பங்குனி வெயில் ஓட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"கலக்கட்டே அன்ரி?"

வினிபிரட் படலையைப் பார்த்தாள். "ஓம், கலக்கும்."

அவன் கலக்கி முடிக்கவும் உபதேசியாரின் சைக்கிள் முற்றத்தில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"பிள்ளை, குறை நினைக்காதை. வழியிலை ரியூப் போயிட்டுது. தொடங்கிப்போட்டியளோ?"

"இல்லை ஐயா" என்றாள் வினிபிரட்.

"அப்ப ஒரு சின்ன ஜெபம்."

நேசராஜாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அறை வாசலில் கதிரை போட்டு இருத்தினாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெயரூபன் சைவக்காரன். என்றாலும் மரியாதைக்குத் தடியை வாளியில் விட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

உபதேசியார் வானத்தையும் பூமியையும் படைத்ததிலிருந்து தொடங்கினார். நீரையும் நிலத்தையும் பிரித்தவருக்கு நன்றி சொன்னார். பிறகு குடும்பம். அவருடைய ஜெபத்தில் ஒருவரையும் விடமாட்டார். விட்டால் அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் குறை வரும். இறந்துபோனவர்கள், பிறகு மூத்தவர்கள். மதுஷா, அவளுடைய கணவன், பிள்ளைகள், கணவனின் தாய்தகப்பன். லண்டனில் மைத்துனி, அவளுடைய முழங்கால். நேசராஜாவைப்போல வருத்தக்காரரைக் கடைசியில்தான் எடுப்பார்.

வினிபிரட் கண்ணைத் திறந்தாள். ஜெயரூபன் ஏற்கெனவே திறந்திருந்தான். குனிந்து வாளியின் விளிம்பைத் தொட்டவன் கையைச் சட்டென்று இழுத்தான். அவளைப் பார்த்து, ஊற்றட்டுமா என்று கையால் கேட்டான். இரண்டடி தள்ளித் தரை. வாளியைச் சரித்தால் போதும். அவளுக்கு அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் நினைவிருந்தது.

அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். பொறும், முடியட்டும்.

உபதேசியார் ஜெபத்தில் அவுஸ்திரேலியா உறவினருக்குப் போனபோது வாளியிலிருந்து நூல்போலப் புகை எழும்பியது. பிறகு நூல் கயிறாகியது. எரிந்த பிளாஸ்ரிக் நெடி தொண்டையைப் பிடித்தது. அவர் இருமினார், கண்ணைத் திறந்தார். "என்ன பிள்ளை, அடுப்பிலை ஏதும் வைச்சனியே?"

ஜெயரூபன் வாளியோடு பாய்ந்தான். பாதி ஏற்கெனவே கல். மீதி தேன்பாகுபோல இழுபட்டு, ரோலரில் சுற்றி, ரோலரின் மயிரையும் பிடுங்கிக்கொண்டு தரையில் கட்டிகட்டியாக ஒட்டியது. சுவரோரம் ஒரு பாய் அகலத்துக்குப் பூசினான். அதோடு ரோலரே நின்றுவிட்டது. கொழும்பிலிருந்து வேறு டின் வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். மிஸி வருவது வியாழக்கிழமை.

உபதேசியார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார். நெடுநேரம் படலையில் நின்றுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

ஐந்து நாளும் வினிபிரட் அந்தத் தரையை ஈரத்துணியால் துடைத்தாள். மேல்தோல் உரித்த தரை முன்பைவிட மோசமாகக் கொட்டுண்டது. வியாழன் காலை தனுஷா மிஸி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கட்டிகளைப் பார்த்தாள். பூசாத பக்கத்தில் குந்தி உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்தாள். கை வெள்ளையாக இருந்தது.

"அன்ரி, இதை நான் சரியெண்டு எழுதினால் அங்கிளை நானே கொல்லுற மாதிரி."

"ரெண்டு கிழமை பொறுக்கேலாதோ மிஸி?"

"நாளைக்குப் பட்டியல் குடுக்கோணும். ஆறு இடத்துக்குப் பதினொரு பேர் நிக்கினம். ஐப்பசிக்குப் பேரைப் போட்டுவிடுறன்."

ஐப்பசி என்ற சொல்லை அவள் அவசரமாகச் சொன்னாள். நேசராஜாவின் கழுத்துக் குழாயின் பக்கம் பார்க்கவில்லை.

மிஸி போனபின் வினிபிரட் கணவரின் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் ஒருவரிடமும் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ள ஏதும் இருக்கவுமில்லை.

"அந்தப் பெடியன் கேட்டவன். நான்தான் பொறு எண்டனான். எனக்குத் தெரியும். வாசிச்சனான்."

நேசராஜா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் பாத்தனான்" என்றார்.

"எதை?"

"புகையை. உமக்கு முதலே கண்டனான். ஐயா ஒவ்வொரு பேராச் சொல்லிக்கொண்டு வாறார். என்ரை பேர் வருகுது, வருகுது எண்டு இருந்தனான். எனக்காக ஆராவது அதைச் சொல்லக் கேக்கோணும் போலை இருந்தது, வினி. அது வரமுதல் நிண்டுபோச்சு."

யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி அவரே கேட்டார்: "நீர் சொல்லுமன், இப்ப."

வினிபிரட் கண்ணை மூடினாள். ஆண்டவரே என்ற சொல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மற்றவர்கள் சொன்னதைத் தட்டச்சில் அடித்துப் பழகிய விரல்கள் மடியில் அசையாமல் கிடந்தன. அவர் காத்திருந்தார். பக்கத்து வளவில் யாரோ மோட்டரைப் போட்டு நிறுத்தினார்கள்.

"சரி, விடும்" என்றார் நேசராஜா. "நாளைக்கு ஆசுபத்திரிக்கு ஓட்டோவுக்குச் சொல்லிப்போட்டீரோ?"

"ஓம்" என்றாள். ஓட்டோக்காரனுக்கு அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.