வராமல் போனவர்கள்

என் அக்கா ரத்தப் புற்றுநோய் டாக்டர். வீட்டில் அவளுக்குப் பெயர் கொசு. கல்லூரியில் படிக்கும்போதே ஊசியும் கையுமாகத் திரிந்து எங்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்துப் பழகியவள். பின்னாளில் ஊர் உலகமே அவளைப் பேராசிரியர் என்றது. நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

அவள் பெயர் எடுத்தது ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையால். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆயுசுக்கும் மாத்திரை விழுங்க வேண்டும் என்று இருந்தது. நோய் நன்றாக அடங்கியவர்கள் அதை நிறுத்திவிடலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும் என்று அவள் தன் நோயாளிகளை வைத்துக் காட்டினாள். மாத்திரையால் வாந்தியும் கால் வீக்கமுமாக அவதிப்பட்டவர்களுக்கு அவள் தெய்வம். அந்த நோயைப் பற்றி யார் எழுதினாலும் அவள் கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டினார்கள். மாநாட்டுக்கு மாநாடு பறந்தாள். எனக்கும் தலைகால் புரியாத பெருமைதான்.

அதே நோய் என் கணவருக்கு வந்தது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சில வருஷம் மாத்திரை சாப்பிட்டார், நோய் அடங்கியது, அக்காவே நிறுத்தச் சொன்னாள்.

"நிஜமாவே நிறுத்தலாமா டாக்டரம்மா?"

"நான் எழுதினதே அதைத்தானே. நிம்மதியா இருங்க."

இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் நோய் திரும்பியது. இந்தத் தடவை எந்த மருந்துக்கும் அது மசியவில்லை.

அக்கா அப்போதுதான் பயந்தாள். அவளுடைய ஆய்வில் பாதியில் வராமல் போனவர்கள் நிறைய பேர். கடைசியாக வந்த நாள்வரை நலம் என்று போட்டுவிட்டு, அதற்குமேல் அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வது அந்தத் துறையில் வழக்கமாம். உடம்பு தேறியவன் எதற்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பான் என்று இவளும் நினைத்துவிட்டாள். அவ்வளவு படித்தவளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் பேசினாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து பேசுறேம்மா. ஐயா எப்படி இருக்காரு?"

"அவர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சே. இப்பவாவது விசாரிச்சீங்களே, நல்லா இருங்க."

அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போனை வைத்துவிட்டு மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். பேசிய வீடுகளில் பாதிக்குமேல் இதே பதில்தான்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக, அதை வெளியிட்ட இதழுக்குக் கடிதம் எழுதி வைத்தாள். துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்க பேரு மட்டும் இல்ல, எங்க எல்லார் பேரும் போகும். கொஞ்சம் ஆறப்போடுங்க. புது ஆய்வு பண்ணி மெதுவா மாத்திக்கலாம்."

அக்கா ஆறப்போட்டாள். தினமும் வார்டில் என் கணவர் கேட்பார்: "அனுப்பிட்டீங்களா?"

"நாளைக்கு அனுப்பிடுறேன்."

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றானதும் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். எங்கள் படுக்கையில் என் கையைப் பிடித்தபடி போனார். நாலு நாள் கழித்து வெளிநோயாளிப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சாருக்கு இன்னிக்கு ரத்தம் எடுக்கணும். வரலைன்னு போட்டுடவா?"

நான் போனை வைத்துவிட்டு நேராக அக்காவின் அறைக்குப் போனேன். இழவு கேட்க வந்தவர்கள் பேசாத பேச்செல்லாம் அங்கே பேசினேன்.

"இவரையும் வராதவங்களோட சேர்க்கப்போறியா? சொல்லுடி."

என் கண்ணெதிரிலேயே அவள் அந்தக் கடிதத்தை அனுப்பினாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பதவி போயிற்று, மாநாட்டு அழைப்பும் நின்றது. அதெல்லாம் போகட்டும். ஆனால் அந்தப் பழைய கட்டுரையை இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள், போன மாதம்கூட எங்கோ ஒருவர் காட்டியிருந்தார். அப்படிக் காட்டுகிற ஒவ்வொருவருக்கும் அக்கா உட்கார்ந்து எழுதுகிறாள், நம்பாதீர்கள், அது தவறு என்று. பாதிப் பேர் பதில் போடுவதில்லை. அவர்களுடைய நோயாளிகள் மாத்திரையை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.